கணக்குப் பார்க்கிறவர்கள் எங்கே கூடக் கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் வரவு செலவு நோட்டு உண்டு. கொத்தமல்லிக் கட்டுக்குக் கொடுத்த பத்து ரூபாய் கூட அதில் ஏறும். இது தெரிந்த சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தினரும் ஏதாவது வாங்கப் போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். மலிவானதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வருவார்கள், சில சாமான்களுக்கு நான் விலை கூடியதைச் சொன்னதும் முழிப்பார்கள். திரும்பத் திரும்ப அதே விளக்கம் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். விலைகள் திருச்சிக் கடைகளில் நான் கொடுத்தவை அல்லது விசாரித்தவை. உங்கள் ஊரில் ஐம்பது நூறு முன்னே பின்னே இருக்கும்.

சிக்கனமாக இருக்கிறவர் எதற்குக் கூடக் கொடுக்க வேண்டும்? மலிவாக வாங்குவதுதானே சிக்கனம்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் பழைய நோட்டைப் புரட்டியபோது சமையலறைக் குழாய் கண்ணில் பட்டது. இரண்டு வருடத்தில் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறேன்: குழாய் 180, பிளம்பர் 300. நான்கு முறைக்குக் கூட்டினால் 1,920 ரூபாய். அதே கடையில் கனமான பித்தளைக் குழாய் 750 ரூபாய்க்கு இருந்தது, முதல் தடவையே கடைக்காரர் எடுத்துக் காட்டினார். "இவ்வளவா?" என்று வைத்துவிட்டு வந்தது நான்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். ஐந்தாவது தடவை பித்தளையை வாங்கினேன். இன்று வரை சொட்டவில்லை.

ஆகவே நான் இப்போது பார்ப்பது சாமானின் விலையை மட்டும் இல்லை. அது கெட்டால் கூடவே என்னென்ன செலவு வரும், தினம் எத்தனை முறை கைபடும், கெடப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா தெரியாதா, இந்த மூன்றையும் பார்க்கிறேன். துடைப்பம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எந்தத் துடைப்பத்தையும் வாங்கலாம். சுவருக்குள் ஓடும் வயர் சூடாவது தெரியாது.

ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எதை முதலில் மாற்றுவது?

கேஸ் டியூப். இதில் யோசிக்கவே வேண்டாம். கேஸ் ஏஜென்சியிலேயே கொடுக்கும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் 250 ரூபாய்க்குள் வரும். உள்ளே கம்பி வலை வைத்து ரப்பர் போட்டிருப்பார்கள், எலி கடித்தாலும் சட்டென்று ஓட்டை விழாது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். அதாவது வருடத்துக்கு ஐம்பது ரூபாய். பிளாட்பாரத்தில் விற்கும் பச்சைக் குழாய் இதில் பாதி விலைதான், ஆனால் ஒரு வருடம் அடுப்புப் பக்கத்தில் கிடந்தாலே விறைத்து, வளைவில் வெடிப்பு விட ஆரம்பிக்கும். இப்போதே எழுந்து போய் உங்கள் டியூபில் அச்சடித்திருக்கும் வருடத்தைப் பாருங்கள். எழுத்தே அழிந்து போயிருந்தால் அதுவே பதில்.

அடுத்தது குக்கர். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை இந்தியாவில் இப்போது விற்கவே கூடாது, 2021 முதல் அப்படித்தான் சட்டம். ஆனாலும் சந்தையில் கிடைக்கிறது. நல்ல குக்கர் வாங்கியவர்கள் கூடக் கோட்டை விடும் இடம் உதிரி பாகம். கேஸ்கெட், சேஃப்டி வால்வு இரண்டையும் குக்கர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியில்தான் வாங்க வேண்டும். "எல்லாத்துக்கும் சேரும்" என்று முப்பது ரூபாய்க்குத் தருகிற வால்வு எத்தனை சூட்டில் உருகும் என்பது செய்தவருக்கே தெரியாது. அப்புறம் ஒரு பழக்கம்: மூடியைப் போடுமுன் வெளிச்சத்துப் பக்கம் தூக்கி, வெயிட் போடும் துவாரம் வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். ஒரு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும். பருப்பு நுரை காய்ந்து அடைத்திருந்தால் தெரியாது. இதற்குச் செலவே இல்லை.

வீடு கட்டுகிறோம். எலக்ட்ரீஷியன் இரண்டு விதமான வயர் சொல்கிறார். விலை வித்தியாசம் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது.

லட்சக்கணக்கில் போட்டு வீடு கட்டிவிட்டு, பூச்சுக்குள் புதைகிற வயரில் பத்தாயிரம் மிச்சம் பிடிப்பதா? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதைதான். பெயிண்டைப் பிறகு மாற்றலாம், அலமாரியைப் பிறகு செய்யலாம். வயரை மாற்ற வேண்டுமென்றால் வீட்டையே கொத்த வேண்டும்.

பொதுவாக விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 என்று போடுவார்கள். மலிவுச் சுருளில் உறையில் 2.5 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே செம்பு மெலிந்திருக்கும், 90 மீட்டர் சுருள் 90 மீட்டர் இருக்காது. இரண்டு கம்பெனிச் சுருள்களைத் தராசில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இன்னொரு சாமான், பலர் "எம்.சி.பி.தான் இருக்கே" என்று விட்டுவிடுவார்கள்: ஆர்.சி.சி.பி. என்கிற மின்கசிவு சுவிட்ச். எம்.சி.பி., அதாவது சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச், காப்பாற்றுவது வயரை. மனிதரைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டு, உடம்பு வழியாக மின்சாரம் தரைக்கு இறங்க ஆரம்பித்தால் அது கண நேரத்தில் துண்டிக்கும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம் கேட்டு வாங்குங்கள். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகும். அதில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். எங்கள் வீட்டில் கரண்ட் பில் கட்டும் அன்று அழுத்துவோம், இல்லையென்றால் மறந்துபோகும்.

ஹெல்மெட் போலீஸ் பிடிக்காமல் இருக்கத்தானே? 300 ரூபாய் ஹெல்மெட் போதாதா?

அபராதம் ஆயிரம் ரூபாய் என்பதால் 300 லாபம்தான், கீழே விழாத வரைக்கும். தலையைக் காப்பது மேல் ஓடு கிடையாது. உள்ளே தெர்மாகோல் போல இருக்கும் நுரைதான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. சாலையோர ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள், அந்த இடத்தில் வெறும் ஸ்பாஞ்சும் துணியும்தான் இருக்கும். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆயிரம் ரூபாயிலேயே நல்லது கிடைக்கிறது, ஐயாயிரம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கன்னத்தை லேசாக அழுத்தினால் அதுதான் உங்கள் அளவு. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும் இருந்தாலும், தூக்கிப் போடுங்கள். உள்ளே நுரை நசுங்கியது நசுங்கியதுதான், திரும்ப எழாது. பின்னால் உட்காரும் மனைவிக்கும் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இந்தச் செலவு, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

வீட்டில் போடுகிற செருப்புக்கு ஐந்நூறு ரூபாயா?

இதைக் கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் 120 ரூபாய் ரப்பர் செருப்பு போடுவார். வார் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் ஓட்டுவார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு நாள் சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார், தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். செருப்பைக் கழற்றினால் அடிப்பக்கம் முழுவதும் ஏறிய ஆணி. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவே இல்லை. காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாத மருந்து, கட்டு, ஆட்டோ எல்லாம் நோட்டில் இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். மேலே மெத்தென்ற ரப்பரும் கீழே ஆணி சுலபத்தில் ஏறாத கெட்டி அடியும் இருக்கும். பின்னால் வார் வைத்ததாகப் பாருங்கள், உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் செருப்பு நழுவினாலும் தெரியாது. சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. மற்றவர்களுக்கும் நாள் முழுக்க நிற்கிற வேலை என்றால் இதே பேச்சுதான். கல்யாணத்துக்கு ஒரு நாள் போடும் ஷூவை மலிவாக வாங்கிக்கொள்ளலாம்.

பி.எல்.டி.சி. ஃபேன் என்கிறார்களே, உண்மையிலேயே மிச்சமாகுமா?

வீட்டைப் பொறுத்தது. பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத புது வகை மோட்டார் வைத்த இது 30 வாட் சுமார். தினம் 15 மணி நேரம் ஓடுகிற ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 200, வருடத்துக்கு 1,200. கூடக் கொடுக்கும் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு வருடத்தில் போட்டது வந்துவிடும். நம் ஊரில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை குறைகிறது. 520, 540 என்று எல்லைக்கோட்டில் தவிக்கிற வீடுகளுக்கு ஒரு ஃபேன் மாற்றினாலே பில்லில் பெரிய இறக்கம் தெரியும்.

நேர்மாறான பக்கமும் உண்டு. அரசு தரும் இலவச யூனிட்டுகளுக்குள்ளேயே உங்கள் உபயோகம் அடங்கிவிடுகிறது என்றால் இதில் ஒரு பைசா மிச்சமாகாது. விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறைக்கும் வேண்டாம். ரிப்பேரையும் யோசியுங்கள். பழைய ஃபேன் சுற்றவில்லை என்றால் தெருமுனை எலக்ட்ரீஷியன் "கண்டென்சர் போயிருக்கும்" என்று அம்பது ரூபாய்ச் சாமானை மாட்டி ஓடவைத்துவிடுவார். பி.எல்.டி.சி.யில் உள்ளே இருக்கும் மின்னணு போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். எனவே வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா, இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும், இதற்கு அது ஆகாது.

ஃபிரிட்ஜ் பற்றியும் கேட்பார்கள். ஸ்டார் ஸ்டிக்கரில் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல் வருடத்தையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அதிலேயே போட்டிருக்கும், அதுதான் முக்கியம்.

மிக்ஸி இருக்கும்போது கிரைண்டர் தனியாக வேண்டுமா?

வாரம் ஒரு முறையாவது மாவு அரைக்கிற வீடு என்றால் வேண்டும், அதுவும் நல்லதாக. மிக்ஸியில் பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவு சூடாகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைத்தாலும் உளுந்து காணாது. கிரைண்டரில் அரை மணி நேரம் கல் உருண்டு உருண்டு காற்றை உள்ளே வாங்கும். ஒரு டம்ளர் உளுந்து பொங்கி வந்து கல்லையே மூடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாவில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் போட்டால் மிதக்கும். மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கிரைண்டர் அம்மா சீட்டுப் போட்டு வாங்கியது, கோயம்புத்தூரில் செய்தது. அந்த ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போல. அம்மா வாங்கிய வருடம் நான் ஆறாவது படித்தேன், இப்போது என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். இடையில் பெல்ட் நான்கு முறை மாற்றியிருக்கிறோம், மோட்டார் ஒரு முறை காயில் கட்டியது, கல் இரண்டு முறை கொத்தியது. அவ்வளவுதான் செலவு. கடையில் ஒரு பாக்கெட் மாவு ஐம்பது ரூபாய்க்குப் போகிற காலத்தில் இதைக் கணக்குப் போட்டால் கிரைண்டர் எங்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது.

வாங்கும்போது டிரம்மின் அடிக்கல்லைத் தடவிப் பாருங்கள், உருளைக் கல்லை அசைத்துப் பாருங்கள். பெல்ட், உருளை எல்லாம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் வேண்டாம்.

இரண்டே பேர் இருக்கிற வீடு, மாதம் ஒரு நாள் இட்லி என்றால் பாக்கெட் மாவே வாங்கிக்கொள்ளுங்கள். கிரைண்டர் மேல் துணி மூடி அதன் மேல் பழைய பேப்பர் அடுக்குகிற வீடுகள் நிறைய பார்த்திருக்கிறேன்.

தோசைக்கல்?

இங்கே நல்லதுதான் மலிவு. நான்ஸ்டிக் தவாவின் பூச்சு இரண்டு வருடத்தில் உரியும், விலையும் கூட. இரும்புத் தோசைக்கல் 500, 600 ரூபாய்க்குக் கனமாகக் கிடைக்கும். பழக்கப் பொறுமை வேண்டும்: இரண்டு மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காயவைத்து, பாதி வெங்காயத்தால் சூட்டோடு தேய்க்க வேண்டும். முதல் நான்கைந்து தோசை பிய்ந்துதான் வரும். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லி அம்மா என்னைத் திட்டாத வாரம் இல்லை.

செக்கு எண்ணெய்க்கு இரட்டை விலை கொடுப்பது ஏமாறுவதா?

விலை குறைவாகச் சொன்னால்தான் ஏமாற்று. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்றைக்குப் பருப்பு கிலோ என்ன விலை என்று கேட்டு, இரண்டரையால் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து ஆட்டுகூலியைக் கூட்டுங்கள். வருகிற தொகைக்கு வெகு கீழே ஒருவர் 'சுத்தமான செக்கு எண்ணெய்' விற்கிறார் என்றால் மீதி என்ன எண்ணெய் என்று அவர்தான் சொல்ல வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு வண்டிக்காரர் ஒரு வருடம் விற்றார். வாசனைக்கு மட்டும் குறைவில்லை. தாளித்தால் கடலை மணம், மறுநாள் பாத்திரத்தில் ஒரு மணமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் செக்கு எண்ணெய் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், ஊறுகாய், கடைசியாக விடும் ஒரு கரண்டி, இங்கேதான் ருசி தெரியும். வடை, அப்பளம் பொரிக்கச் சாதாரண எண்ணெயைப் புதிதாக ஊற்றுவது, விலை கூடிய எண்ணெயை நான்கு முறை காயவைப்பதை விட மேல்.

காபிப் பொடியிலும் பெருங்காயத்திலும் அப்படி என்ன இருக்கிறது?

காபி–சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 49 வரை சிக்கரி போடலாம். பாக்கெட்டின் மேல் அந்தக் கணக்கு அச்சடித்திருக்கும், விலைப் பட்டியலைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள். சிக்கரி வேர் காபிக்கொட்டையை விடப் பல மடங்கு மலிவு, ஆகவே 'மலிவுக் காபிப் பொடி' எங்கிருந்து மலிவாகிறது என்று தெரிந்துவிடும். டம்ளருக்கு 10 கிராம் என்றால் கிலோவுக்கு 200 ரூபாய் கூடக் கொடுத்தாலும் டம்ளருக்கு இரண்டே ரூபாய்தான் கூடும். கடையில் ஒரு காபியை வெளியே குடிக்காமல் விட்டால் ஒரு வாரத்துக் கணக்கு தீர்ந்தது. எங்கள் வீட்டில் 80-க்கு 20, கால் கிலோ கால் கிலோவாக, கண்ணெதிரே அரைத்து வாங்குகிறோம். ஒரு கிலோவாக வாங்கினால் கடைசிக் கால் கிலோவில் மணம் இருக்காது.

பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் கோதுமை மாவு, அரிசி மாவு, பிசின் என்று வரிசையாக இருக்கும். கூட்டுப் பெருங்காயம் என்பதே அதுதான், தப்பில்லை. ஆனால் மாவுக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். மாவு கலக்காத கட்டிப் பெருங்காயம் விலை பயமுறுத்தும், மிளகளவு போட்டால் ஒரு அண்டா சாம்பாருக்கு மணக்கும், மாதக் கணக்கில் வரும். சாம்பாரும் ரசமும் நம்முடையவை, பெருங்காயம் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் இங்கே நட்டு வளர்க்கும் முயற்சியையே ஆரம்பித்தார்கள்.

மெத்தைக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் சொல்கிறார்களே?

நாளில் மூன்றில் ஒரு பங்கு அதில்தான் கிடக்கிறோம் என்று விற்பனையாளர் சொல்வார். சரிதான். ஆனால் நல்ல கோரைப்பாயில் படுத்து எழுந்து முதுகுவலி இல்லாமல் இருப்பவருக்கு யாரும் மெத்தை விற்க வேண்டாம். என் ஓட்டு தலையணைக்கு. மலிவுத் தலையணைக்குள் கழிவுப் பஞ்சையும் ஸ்பாஞ்சுத் துண்டையும் அடைத்திருப்பார்கள். ஆறு மாதத்தில் கட்டி கட்டியாகி, காலையில் கழுத்து திரும்பாது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சில் போட்டது விலை கூடினாலும், பஞ்சு அமுங்கினால் பிரித்து வெயிலில் காயவைத்து, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் அடைத்துக்கொள்ளலாம்.

துண்டு வாங்கும்போது ஈரிழைத் துண்டு கேளுங்கள். பஞ்சு போலப் பொசுபொசுவென்று இருக்கும் பெரிய டவல் மழைக்காலத்தில் மூன்று நாள் காயாது. ஈரிழை ஒரு மணி நேரத்தில் காயும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், கடைசியில் அடுப்படித் துணியாகவும் இரண்டு வருடம் உழைக்கும். விலையும் குறைவு.

தையல் கூலியில் பேரம் பேசலாமா?

பேசாதீர்கள். துணி 300, தையல் 500 என்றால் பலருக்கு எரிகிறது. அளவு சரியில்லாத ரவிக்கை பீரோவுக்குள்தான் கிடக்கும், அப்போது துணிக் காசும் சேர்ந்து வீண். நல்ல தையற்காரர் லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவார். அவசரக் கடையில் அப்படியே வைத்துத் தைத்துவிடுவார்கள், முதல் சலவையில் உள்துணி சுருங்கி மேல்துணி பை போலத் தொங்கும். உள்ளே ஓரத்தில் பிரித்துவிட ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கிறாரா என்று பாருங்கள். உடம்பு நாம் சொன்னபடியா இருக்கிறது?

மருந்துக்கும் விலை கூடியதுதான் நல்லதா?

இல்லை. நான் இதுவரை சொன்னதெல்லாம் இங்கே செல்லாது. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளில் பலவும் மருந்தின் மூலப்பெயரிலேயே மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. சீட்டில் இருக்கும் மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றா என்று பார்த்து, மாற்றுமுன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதில் மிஞ்சுவதைக் கொண்டு வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். அதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

வேறு எதற்கெல்லாம் கூடக் கொடுக்கவே கூடாது?

உப்பு, சர்க்கரை, போன் கவர், வாளி, குப்பைக்கூடை, தங்கமுலாம் பூசியதாகச் சொல்லும் டி.வி. கேபிள். ரேஷனில் 30 ரூபாய்க்குப் போடும் துவரம் பருப்பைக் கௌரவம் பார்த்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊறவைத்து வேகவிட்டால் எங்கள் குக்கருக்கு அது வித்தியாசம் தெரியவில்லை.

விலை கூடினது எல்லாம் தரமானது என்று எப்படி நம்புவது?

நம்பக் கூடாது. விலையைக் கூட்டி ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர் போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரை என்றால் அதன் மேல் ஐ.எஸ். எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருள், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். ஒரு முறை நான் இப்படிப் பார்க்க ஆரம்பித்ததும் கடைப் பையன் தானாகவே உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தான்.

முத்திரை இல்லாத சாமான்களுக்கு என் வழி: அதை ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்பது. எந்தக் கிரைண்டர் தன் கடைக்கு அடிக்கடி வருகிறது என்று மெக்கானிக்குத்தான் தெரியும், அவருக்குக் கமிஷனும் கிடையாது.

மொத்தமாகக் கொடுக்கப் பணம் இல்லையே. தவணையில் வாங்கலாமா?

கேஸ் டியூபுக்கும் செருப்புக்கும் தவணை தேவைப்படாது. கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்றால் ஆடித் தள்ளுபடி வரை பொறுக்கலாம், ஆனால் ஆனி மாதமே போய் விலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடிக்கு முன்னால் விலையை ஏற்றுகிற வித்தை ஊருக்கு ஊர் உண்டு. வட்டியில்லாத் தவணை என்றால் 'செயல்பாட்டுக் கட்டணம்' என்று எவ்வளவு என்று கேளுங்கள். பழைய சாமானும் வாங்கலாம்: கிரைண்டர், தோசைக்கல், மரக்கட்டில், பித்தளைப் பாத்திரம் எல்லாம் செகண்ட் ஹேண்டில் அருமையாகக் கிடைக்கும். ஹெல்மெட், குக்கர், கேஸ் சாமான் மூன்றையும் அடுத்தவர் உபயோகித்ததாக வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் "அநாவசியச் செலவு" என்கிறார்கள். என்ன செய்வது?

விலையைப் பாதியாகச் சொல்வதுதான் எங்கள் தெருவில் நடைமுறை. அப்பாவிடம் எம்.சி.ஆர். செருப்பு 150 ரூபாய் என்று சொல்லியிருக்கிறோம். நன்றாக இருக்கிறது, தன் நண்பருக்கும் இரண்டு ஜோடி வாங்கி வா என்று 300 ரூபாயைக் கையில் கொடுத்தார். மீதியை நான் போட்டேன். நோட்டில் அதற்கு என்ன தலைப்பு எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

குடை?

கம்பி கனமாக, எட்டுக்குக் குறையாமல் இருந்தால் ஐப்பசி, கார்த்திகைக் காற்றைத் தாங்கும். ஆலப்புழைக் குடைகள் நல்ல பெயர் எடுத்தவை. 600 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன், மூன்று மாதம் அருமையாக இருந்தது. இப்போது தஞ்சாவூர் பஸ்ஸில் யாரோ ஒருவருக்கு அருமையாக இருக்கும். நான் திரும்ப 200 ரூபாய்க் குடைக்கே போய்விட்டேன்.